மாடு வராத வயலும் சேதனப் பசளையும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் எங்கள் ஊரான வெல்லாவெளியில் அப்பா காலத்துப் பசளை மாடுதான். பெரும்போகம் அறுத்ததும், மேய்ச்சல் தரைக்குப் போயிருந்த பட்டிகள் படுவான்கரை வட்டைகளுக்குத் திரும்பும். பகலில் அறுத்த தாளை மேயவிட்டு, இரவில் வரவைக்குள்ளேயே பட்டி அடைப்போம். சில இரவுகள் ஓரிடம். பிறகு வேலியைப் பெயர்த்து அடுத்த இடம். சாணத்தைவிட மூத்திரம் நேரே மண்ணில் இறங்குவதுதான் இலாபம் என்பார் அப்பா. சூடு மிதித்த களத்து வைக்கோலும் வீணாகாது, மாடு தின்னும், மிச்சம் மக்கும்.

1962இல் அரசு பசளை மானியம் தொடங்கியது. எச்-4 போன்ற புதிய நெல் இனங்களும் பரவ, பட்டிருப்புப் பாலம் கடந்து யூரியா மூடைகள் வந்தன. விளைச்சல் கூடியது உண்மை. அதை மறைத்துப் பழமையைப் புகழ எனக்கு மனமில்லை. பிறகு யுத்தம். 1990இலும் 2007இலும் இடம்பெயர்ந்தபோது பட்டியைக் கூட்டிக்கொண்டா ஓட முடியும்? திரும்பி வந்தவர்களுக்கு எஞ்சியது மானிய மூடை. 2005இன் பின் 50 கிலோ 350 ரூபாய். அந்த விலைக்கு எருவைச் சுமக்க யார் வருவார்?

2021 மே மாதம் வர்த்தமானி ஒன்றால் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. கணக்கைப் பாருங்கள்: ஒரு மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன். காய்ந்த மாட்டெருவில் அவ்வளவு வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு தொன் தேவை, அதுவும் மெல்ல மெல்லத்தான் பயிருக்குக் கிடைக்கும். சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பல், மாதிரியில் பக்டீரியா இருந்ததாகச் சொல்லப்பட்டு, சரக்கை இறக்காமலே போனது. அதற்கும் 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். நவம்பரில் தடை நீங்கியபோது எங்கள் வட்டைகளில் விதைப்பு முடிந்து பயிர் மஞ்சளித்து நின்றது.

கூட்டெரு செய்யச் சொன்ன அதிகாரிகளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: மாடு எங்கே? பெரும்போகத்தில் வயலெல்லாம் பயிர். பட்டிக்கு வேறு தரை வேண்டும். மாவட்டத்தின் பெரிய மேய்ச்சல் தரையான மயிலத்தமடு, மாதவனையில் வெளிமாவட்டத்தார் புகுந்து பயிர் வைத்ததை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். பால்காரர் பிரச்சினை என்றுதான் பலர் அதைப் பேசினார்கள். எனக்கு அது நெல்லின் பிரச்சினையாகவும் பட்டது.

இப்போது வைக்கோலை எரிப்பதில்லை. அறுவடை இயந்திரம் தள்ளுவதை வரவையிலேயே பரப்பி உழுகிறேன். வரம்போரம் கிளிசரிடியா நிற்கிறது, குழை வெட்டி மிதிக்கிறேன். யூரியாவும் போடுகிறேன், முன்னையைவிடக் குறைவாக. பட்டிக்காரர் யாராவது இந்தப் பக்கம் வந்தால், என் வயலில் அடைக்கச் சொல்லிச் சோறும் கொடுத்து நெல்லும் கொடுப்பேன்.