நினைவும் படப்பிடிப்புத் தளமும்: ‘ஹிப்னாடிக்’ திரைப்படமும் டெக்சாஸ் காவல்துறையின் மனவசிய விசாரணையும்

ராபர்ட் ரோட்ரிகஸ் இயக்கி 2023 மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஹிப்னாடிக்’, மனவசியத்தை மையமாகக் கொண்ட அதிரடிக் குற்றப்படம். கதைக்களம் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரம். பூங்காவில் மகளைப் பறிகொடுத்த துப்பறிவாளர் ரூர்க்காக பென் ஆஃப்லெக்கும், சொல்லாலேயே பிறரை ஆட்டிவைக்கும் டெல்ரெய்னாக வில்லியம் ஃபிக்ட்னரும் நடித்தனர். போட்ட முதலைக்கூடத் திரட்டாத இப்படம் கவனத்துக்குரியதாவது வேறொரு காரணத்தால். காவல்துறை மனவசியத்தின் மூலம் பெறும் வாக்குமூலத்துக்கு எதிரான சட்டம், அதே டெக்சாஸில், அதே ஆண்டு நடைமுறைக்கு வந்தது. படத்தின் முற்பாதி மனவசியம் பற்றிய பழைய கற்பனையைச் சொல்கிறது. பிற்பாதியோ அச்சட்டத்துக்குக் காரணமான உண்மையைத் தொடுகிறது.

முற்பாதியில் மனவசியம் என்பது அடிமைப்படுத்தும் ஆற்றல். பொது இருக்கையில் அமர்ந்திருக்கும் பெண்ணிடம் டெல்ரெய்ன் வெயிலைப் பற்றிச் சில சொற்கள் பேசுகிறான். அவள் தன்னிலை மறந்து ஆடையைக் களையத் தொடங்குகிறாள். மொட்டைமாடியில் அவனைப் பிடிக்க வந்த காவலர் இருவர் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். உளவியல் அறிந்த மனவசியம் இதுவன்று. அது உட்படுபவரின் ஒத்துழைப்போடு நிகழும் ஆழ்ந்த கவனக் குவிப்பு. அந்நிலையில் பிறர் சொல்வதை ஏற்கும் இயல்பு கூடும். ஆயினும் மனிதர் பொம்மையாகிவிடுவதில்லை.

காவல்துறை மனவசியத்தை நாடியது நினைவை மீட்பதற்காக. 1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லாவில் 26 பள்ளிக் குழந்தைகளும் பேருந்து ஓட்டுநரும் கடத்தப்பட்டனர். அனைவரும் தப்பி வந்தபின், மனவசியத்தில் அந்த ஓட்டுநர் கடத்தல்காரர்களின் வண்டி எண்ணைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். இவ்வழக்கு அம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் உளவியலாளர் மார்ட்டின் ரைசர் அதைப் பயிற்சியாக வகுத்துப் பரப்பினார். கண்ணை மூடிய சாட்சி ஒரு தொலைக்காட்சித் திரையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதில் சம்பவம் ஓர் ஆவணப்படமாக ஓடும். விரும்பிய இடத்தில் அதை நிறுத்தலாம், மெதுவாக ஓட்டலாம், ஒரு முகத்தை அருகில் கொணர்ந்து பார்க்கலாம். நினைவு என்பது மூளையில் பத்திரமாகச் சுருட்டி வைத்த படச்சுருள் என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படை.

அந்த நம்பிக்கை பிழையானது. நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. இடைவெளிகளை ஊகமும், கேட்ட சொல்லும், பிறகு கண்ட படமும் நிரப்புகின்றன. மனவசியத்தில் மீட்ட நினைவு சாதாரண நினைவைவிட நம்பகமானதன்று என அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985இல் அறிவித்தது. சாட்சியின் உறுதி கூடுகிறது, துல்லியம் கூடுவதில்லை. எனினும் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988இல், சானி வழக்கில், பாதுகாப்பு நிபந்தனைகளோடு இத்தகைய சாட்சியத்தை அனுமதித்தது. 1998இல் டாலஸ் அருகே நடந்த கொலை வழக்கொன்றில், அண்டை வீட்டுப் பெண் தாம் கண்டவரை நீண்ட முடியுடைய வெள்ளையர் என்றே முதலில் விவரித்தார். காவல்துறை அவரை மனவசியத்துக்கு உட்படுத்தியது. ஓராண்டுக்குப் பின் அவரே நீதிமன்றத்தில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான சார்லஸ் டான் ஃபுளோரஸை உறுதியாக அடையாளம் காட்டினார். வேறு சாட்சியங்களும் முன்வைக்கப்பட்ட அவ்வழக்கில் ஃபுளோரஸுக்கு 1999இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

படத்தின் பிற்பாதி இங்கேதான் பொருள் பெறுகிறது. ரூர்க் நடந்த தெருக்களும் நுழைந்த வங்கியும் ஓர் அரசு இரகசிய அமைப்பின் கட்டடத்துக்குள் அமைந்த வெற்றுத் தளம். சந்தித்த மனிதர்கள் சிவப்பு மேலங்கி அணிந்த ஊழியர்கள். பறிகொடுத்ததாக அவன் நம்பும் மகளை உண்மையில் மறைத்துவைத்தவன் அவனே; அந்த இடத்தை அறிய அதே கதை அவனுக்குத் திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படுகிறது. இங்கே யாரும் அவன் கையைப் பிடித்து இழுப்பதில்லை. தன் நினைவென்று நம்புவதைத் தொடர்ந்தே அவன் ஓடுகிறான். சேமித்த படச்சுருளாக அன்றி, ஒவ்வொரு முறையும் எழுப்பப்படும் படப்பிடிப்புத் தளமாக நினைவைக் காட்டும் இக்காட்சிகள் ரைசரின் உவமையைத் தலைகீழாக்குகின்றன.

படத்தில் அந்தத் தளத்தை எழுப்புவது சதி. விசாரணை அறையில் சதி தேவையில்லை என்று இந்த ஒப்பீட்டுக்கு மறுப்புக் கூறலாம். அம்மறுப்பு வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. அதிகாரியும் சாட்சியும் நல்லெண்ணத்தோடு சேர்ந்தே பொய்யான நினைவை உருவாக்கிவிட முடியும். பொய் சொல்பவரைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம்; தவறான நினைவை மனதார நம்புபவரை மடக்குவது அரிது.

டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறை 2021இல் மனவசிய விசாரணையைக் கைவிட்டது. அவ்வாண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். மீண்டும் நிறைவேறிய சட்டம் 2023 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றும் ஃபுளோரஸ் மரண தண்டனைக் கைதியாகவே இருந்தார்.