ஒட்டும் மதிப்பும்: தந்திக் கருவிகளின் தலைப்பகுதி முறிவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கிட்டாரின் கழுத்தும் தலைப்பகுதியும் கூடும் இடத்தில் விழும் விரிசலை ஒட்டிச் செப்பனிட்டால், அக்கருவியின் விலை வீழ்கிறது. வயலினில் ஏறத்தாழ அதே இடத்தில் உள்ள ஒட்டு பழமையின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மரத்தின் வலிமையன்று, கருவிகளின் வரலாறே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கிட்டார், வயலின், தலைப்பகுதி, மரநார், ஒட்டு, செப்பம்

முன்னுரை

பிருடைகளைத் தாங்கும் தலைப்பகுதி கிட்டாரில் பெரும்பாலும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வினால்தான் தந்திகள் கழுத்து முனையிலுள்ள சிறு பாலத்தின்மீது அழுந்தி நிற்கின்றன. ஆயினும் கழுத்தையும் தலையையும் ஒரே மரத்துண்டில் செதுக்கும்போது, கழுத்தின் நீளவாக்கில் ஓடும் மரநார் சாய்வுப் பகுதியில் வெட்டுண்டு குறுகிவிடுகிறது. 40 கிலோவுக்கும் மேற்பட்ட தந்தி இழுவிசையை ஏற்கெனவே தாங்கி நிற்கும் அவ்விடம், கருவி மல்லாந்து விழுந்தால் எளிதில் விரிசல் காண்கிறது.

பழைய ஒட்டுமுறை

இவ்வுண்மையை முற்காலக் கைவினைஞர் அறிந்திருந்தனர். கழுத்து மரத்தைச் சாய்வாக அறுத்து, அறுபட்ட துண்டைத் திருப்பி ஒட்டுவது ஸ்பானியக் கிட்டார் மரபில் வழங்கிய முறை. இதனால் தலையின் சாய்வை ஒட்டியே மரநாரும் ஓடும். 1833இல் அமெரிக்காவில் தொழில் தொடங்கிய மார்ட்டின் நிறுவனமும் 19ஆம் நூற்றாண்டில் தலையைத் தனித்துண்டாகச் செய்து கழுத்தில் பொருத்தியது. பின்னாளில் ஒற்றை மரத்திற்கு மாறியபோதும், அப்பழைய பொருத்தின் வடிவம் தலையின் பின்புறத்தில் வைர வடிவப் புடைப்பாக எஞ்சியது.

ஒற்றை மரமும் முறிவும்

1902இல் கலமசூ நகரில் நிறுவப்பட்ட கிப்சன் நிறுவனம், கழுத்தினுள் பதிக்கும் எஃகுக் கம்பிக்கு 1923இல் காப்புரிமை பெற்றது. கழுத்து வளையாமல் காத்த அக்கம்பியை முடுக்குவதற்கான குழி, மரநார் குறுகும் அதே இடத்தில் குடையப்பட்டது. 1952இல் வெளிவந்த லெஸ் பால் கிட்டாரில் ஒற்றை மகாகனிக் கழுத்து, 17 பாகைச் சாய்வு, இக்குழி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. 1960களின் நடுவில் சாய்வு 14 பாகையாகக் குறைக்கப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியில் பின்புறப் புடைப்பும் சேர்க்கப்பட்டது. இம்மாற்றங்கள் அவ்விடத்தின் மெலிவைக் குறைத்தன. ஃபெண்டர் நிறுவனமோ 1950 முதல் சாய்வே இல்லாத தலையை மேப்பிள் மரத்தில் அமைத்து இச்சிக்கலைத் தவிர்த்தது.

செப்பமும் விலையும்

விரிசல் புதிதாகவும் நீண்டும் இருப்பின் செப்பம் எளிது. தந்திகளைத் தளர்த்தி, விரிசலின் அடிவரை பசையைச் செலுத்தி, கவ்வியால் இறுக்கி உலரவிடுவர். முறிவு குறுகியதாயின் ஒட்டும் பரப்பு போதாது. அந்நிலையில் முறிவின் குறுக்கே நீள நார் கொண்ட மரச்சட்டங்களைப் பதிப்பர். நார் ஓடும் திசையில் நன்கு படிந்த ஒட்டு, சூழ்ந்துள்ள மரத்தினும் வலிமையுடையது. எனினும் பழங்கிட்டார்ச் சந்தையில் அத்தகைய கருவியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைவது வழக்கம்.

வயலின் தரும் மாற்றுச் சான்று

1800ஐ ஒட்டிய பத்தாண்டுகளில் இசையின் தேவை மாறியதால் பழைய வயலின்களின் கழுத்துகள் நீளமாகவும் சாய்வாகவும் மாற்றப்பட்டன. செதுக்கிய சுருள்தலையைப் பிருடைப் பெட்டியுடன் அறுத்தெடுத்துப் புதிய கழுத்தில் ஒட்டினர். 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரியின் வயலின்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு ஒட்டப்பட்டவையே. இவ்வொட்டு அவற்றின் விலையைக் குறைக்கவில்லை. மாறாக, மலிவான புதுவயலின்களைப் பழையன போலக் காட்ட அவ்விடத்தில் போலி ஒட்டுக்கோடு கீறிய வணிகர்களும் இருந்தனர்.

முடிவுரை

வயலினின் ஒட்டு திட்டமிட்டுச் செய்த மாற்றம். கிட்டாரின் ஒட்டு விபத்தின் விளைவு. இவ்வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. ஆயினும் இரண்டையும் செய்தவர்களின் நோக்கம் ஒன்றே: கருவி தொடர்ந்து இசைக்கப்பட வேண்டும் என்பதே அது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலையே மூலநிலை என்னும் எண்ணம் கிட்டாரின் விலையை ஆள்கிறது. இருநூறு ஆண்டுகளாகக் கைமாறிவந்த வயலினுக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. விலை தாழ்ந்ததனாலேயே செப்பனிடத் தகாதது என்று ஒரு கிட்டாரை ஒதுக்குவது, மரம் தரும் சான்றை விட்டுச் சந்தையின் சான்றை ஏற்பதாகும்.