'இன்று விரால் உண்டு': போர்டில் இருப்பது விராலா, தேளியா? ஒரகடம் பக்கம் மீன் மெஸ்ஸில் சாப்பிடுறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

ஹூண்டாய் 1990களில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. பின்னாடியே ஒரகடத்தில் ரெனோ நிஸான், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ். ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்குச் சோறு போட, ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை மெஸ்கள் முளைத்தன. இதில் கணவன் அடுப்பில், மனைவி மசாலாவில், பிள்ளை கல்லாவில் என வீடே சேர்ந்து நடத்தும் மீன் மெஸ்களுக்குத் தனி மவுசு.

வஞ்சிரமும் சங்கராவும் எங்கேயும் கிடைக்கும். ஏரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் ஆளை இழுப்பது 'இன்று விரால் உண்டு' என்ற போர்டு. ஆனா அந்தப் பெயரில் வேறொரு மீனும் தட்டுக்கு வரலாம்.

விராலை ஏன் உயிரோடு விற்கிறாங்க?

மற்ற மீன் ஐஸில் வரும், விரால் மட்டும் டிரம்மில் நெளிஞ்சுக்கிட்டே வரும். காரணம் அதோட மூச்சு. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கு. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கலைன்னா தண்ணிக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துடும். உடம்பு ஈரமா இருந்தா தரையில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கோடையில் ஏரி வற்றும்போது சேற்றுக்குள் புதைஞ்சு மழைக்காகக் காத்திருக்கும்.

தலை பார்க்க பாம்பு மாதிரி, ஆனா குஞ்சுகளைக் காப்பதில் கெட்டி. செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால், கீழே தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்குதுன்னு அர்த்தம்.

விலை ஏன் அதிகம்?

விரால் வேட்டை மீன். தீனி குறைஞ்சா தன் இனத்துக் குஞ்சையே விழுங்கும். கட்லா, ரோகு குளத்தில் சேர்த்து விட்டால் அதுங்களோட குஞ்சுகளும் மிஞ்சாது. அதனால தனிக்குளம் வேணும், ஒரே அளவு குஞ்சுகளாப் பிரிச்சு விடணும், புரதத் தீனி போடணும். தரமான குஞ்சு கிடைப்பதே கஷ்டம்.

அந்தக் காசுக்கு ஈடாகக் கிடைப்பது சதை. முள் குறைவு, குழம்பில் கொதிச்சாலும் உடையாது, மறுநாள் இன்னும் ருசி. வழவழப்பு போக சாம்பலோ கல் உப்போ போட்டுக் கல்லில் தேய்க்கிற வேலைதான் பெரிசு.

மலேசியாவில் இதை 'ஹாருவான்' என்பார்கள். ஆபரேஷன் ஆனவங்களுக்கும் பிரசவித்த பெண்களுக்கும் கொடுப்பது அங்கே வழக்கம். தெலங்கானாவுக்கு இதுதான் மாநில மீன். அமெரிக்காவிலோ கதையே வேற: 2002ல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் இந்த இனத்து மீன் பெருகியதைப் பார்த்து மிரண்டு, உயிருள்ள விரால் இன மீன்களை இறக்குமதி செய்யவே தடை போட்டாங்க.

'தேளி விரால்' என்பது என்ன?

விராலே கிடையாது. அது ஆப்பிரிக்கன் கெளுத்தி. அதுவும் காற்றைச் சுவாசிக்கும், அதுவும் டிரம்மில் உயிரோடு வரும். அதனால்தான் குழப்பம். இந்தியாவில் இதை வளர்க்க 2000லேயே தடை வந்துடுச்சு. பண்ணைகளை அழிக்கச் சொல்லி 2019ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் உத்தரவிட்டது. ஆனாலும் மறைமுகமா வளர்க்கிறாங்க. காரணம், வேகமா வளரும், கோழி மாட்டுக் கழிவைப் போட்டாலும் தின்னும், விலை மலிவு.

மீனே விஷம் என்பது இல்லை. நைஜீரியாவில் முக்கியமான வளர்ப்பு மீனே இதுதான். இங்கே சிக்கல் ரெண்டு. அழுகின கழிவைத் தின்னு வளர்ந்த மீன் நம்ம தட்டுக்கு வருது. இன்னொன்று, தப்பிச்சா நாட்டு மீன்களைக் காலி பண்ணிடும். இந்த வட்டாரத்து ஏரிகள் கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்தவை. 2015 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தால், ஒரு குளத்தில் இருப்பது நாலு ஏரிக்குப் போகும். அங்கிருக்கும் விராலுக்கும் அதுதான் எமன்.

நேர்மையாக மெஸ் நடத்துற குடும்பத்துக்கும் இது அடி. அவங்க நிஜ விராலுக்குக் காசு கொடுக்க, பக்கத்துக் கடை தேளியைப் பாதி விலைக்குப் போட்டால் கூட்டம் அங்கே போகும். வெட்டின துண்டாக வாங்கினால் மெஸ்காரரே ஏமாறவும் வாய்ப்பு உண்டு.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முழு மீனாக இருந்தால் ஒரு நொடி போதும். விராலுக்கு உடம்பெல்லாம் செதில், தலையிலும் செதில், மீசை கிடையாது. கெளுத்திக்குச் செதிலே இல்லை, தோல் வழுவழுன்னு இருக்கும், வாயைச் சுற்றி நாலு ஜோடி மீசை, தலை தட்டை.

தட்டுக்கு வந்த பிறகு கஷ்டம். தோலோடு இருக்கும் துண்டில் செதில் பதிந்த கட்டம் தெரிந்தால் விரால். தோலை உரிச்சுட்டால் அதுவும் தெரியாது. 'தலைத்துண்டு இருக்கா?' என்று கேட்பது நல்ல வழி. நிஜ விரால் வாங்கும் கடையில் தலையை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. மார்க்கெட் விலையை விட ரொம்பக் கம்மியா விரால் வறுவல் கிடைச்சால், ஆர்டர் பண்ணும் முன் டிரம்மை ஒரு தடவை எட்டிப் பாருங்க.

தடை செய்யப்பட்ட மீனை வளர்ப்பது தெரிந்தால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் சொல்லலாம். ஓட்டலில் ஏமாற்றினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம், பில் கையில் இருந்தால் நல்லது. ஏரி விராலே வேணும்னா கோடைதான் நேரம். தண்ணி குறையும்போதுதான் அது வலையில் சிக்கும்.