இஷியின் வில்லும் போப்பின் நூலும்

அமெரிக்கப் பழைய வில்வேட்டையாளர்களின் நினைவுக் குறிப்புகளைப் புரட்டினால் இரண்டு செய்திகள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். ஒன்று, முதல் வில்லைத் தம் கையாலேயே செய்தது. மற்றொன்று, அதைச் செய்வதற்குப் பக்கத்தில் ஒரு நூலை விரித்து வைத்துக் கொண்டது. அந்த நூல் பெரும்பாலும் 1923-ஆம் ஆண்டு வெளியான 'வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடல்' என்பதாகவே இருக்கும். எழுதியவர் டாக்டர் சாக்ஸ்டன் போப். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அறுவை மருத்துவராக இருந்தவர்.

நூலைத் திறந்தவுடன் ஒரு விந்தை. அதைப் போப் காணிக்கையாக்கியிருப்பது ராபின் ஹூட்டுக்கு! ஒவ்வோர் இளைஞனின் உள்ளத்திலும் ஒருகாலம் குடியிருக்கும் ஆவி என்ற பொருளில் அந்த ஆங்கிலக் கதைமாந்தனைப் போற்றிவிட்டுத்தான் தொடங்குகிறார். ஆனால் முதல் மூன்று இயல்களும் ஷெர்வுட் காட்டைப் பற்றியன அல்ல. அவை, போப் வாழ்ந்த அதே கலிஃபோர்னியாவில் 1916-இல் மறைந்த ஒரு மனிதரைப் பற்றியவை. காணிக்கை ஒருவருக்கு, கடன் இன்னொருவருக்கு. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

அதற்கு முன் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். வெள்ளை அமெரிக்கர்களிடையே வில்வேட்டை பரவக் காரணமானவர்கள் என்று முதலில் சொல்லப்படுவோர் மாரிஸ் தாம்ப்சன், வில் தாம்ப்சன் என்னும் உடன்பிறந்தோர். ஜார்ஜியாவில் வளர்ந்தவர்கள், உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் நின்று தோற்றவர்கள். தோற்ற படையினர் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடை இருந்ததால்தான் இருவரும் வில்லை எடுத்தனர் என்று வில்லாளிகள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பின்னர் இண்டியானா மாநிலத்துக் கிராஃபோர்ட்ஸ்வில் நகரில் குடியேறினர். மாரிஸ் எழுத்தாளர். இதழ்களில் வெளிவந்த வேட்டைக் கட்டுரைகளைத் தொகுத்து 1878-இல் 'வில்வித்தையின் மாயம்' என்ற நூலாக்கினார். மறு ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் தோன்றியது. மாரிஸ் அதன் முதல் தலைவர், வில் அதன் முதல் போட்டியில் வெற்றியாளர். ஊர்தோறும் வில் கழகங்கள் முளைத்தன. சில ஆண்டுகளில் அந்த மோகம் அடங்கியும் போயிற்று. எஞ்சியது இலக்குப் பலகையை எய்யும் பொழுதுபோக்கு. காட்டுக்குள் வில்லுடன் செல்வோர் மிகச் சிலரே.

இனி நாம் மேற்குக் கரைக்கு வருவோம்.

1911 ஆகஸ்ட் 29 அன்று, வடக்குக் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கருகே ஓர் இறைச்சிக் கூடத்துப் பட்டியில், பசியால் மெலிந்த ஒரு மனிதர் பிடிபட்டார். துயரத்தின் அடையாளமாகத் தலைமயிரைத் தீய்த்துக் கொண்டிருந்தார். அங்கிருந்த எவருக்கும் அவர் பேசிய மொழி விளங்கவில்லை. வேறு வழி தெரியாத ஷெரிஃப் அவரைச் சிறையில் வைத்தார். செய்தித்தாள் வழியே இதை அறிந்த பல்கலைக்கழக மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர், தம் உடன்பணியாளர் வாட்டர்மனை அனுப்பினார். வாட்டர்மன் கையில் யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டே போனார். எதிரே இருந்தவர் முகத்தில் சலனமில்லை. கடைசியில், கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டி 'சிவினி' என்றார். மஞ்சள் பைன் மரத்தின் பெயர் அது. அந்த முகம் மலர்ந்தது. (சொற்பட்டியல் தொகுப்போரை ஏளனம் செய்யும் நண்பர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்கக் கடவர்.)

அவர் யானா மக்களின் தென்கோடிப் பிரிவான யாஹி இனத்தவர். தம் பெயரைத் தாமே சொல்வது அவர்கள் மரபன்று. அவர் இறுதிவரை சொல்லவுமில்லை. யானா மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லையே குரோபர் அவருக்குப் பெயராக்கினார்.

அவர் மட்டும் எஞ்சியது எப்படி? 1849-இன் தங்க வேட்டைக்குப் பின் குடியேறியவர்கள் யாஹிகளை விலங்குகளைப் போலவே வேட்டையாடினர். 1860-களில் தொடர்ந்து படுகொலைகள். தப்பிய ஒரு சிலர் டீர் கிரீக், மில் கிரீக் ஓடைகளின் செங்குத்துப் பள்ளத்தாக்குகளில் நாற்பது ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தனர். துப்பாக்கி ஒலி எழுப்பும், வில் எழுப்பாது. ஒளிந்து வாழ்பவனுக்கு வில் பொழுதுபோக்கன்று, உயிர். 1908-இல் நில அளவைக் குழுவொன்று அவர்கள் கடைசி மறைவிடத்தைக் கண்டுபிடித்தது. அங்கே நடக்க இயலாத நிலையில் படுத்திருந்த முதிய தாயைத் தவிர, எடுக்கத் தகுந்த பொருள்கள் அத்தனையையும் குழுவினர் நினைவுப் பொருள்களாக அள்ளிச் சென்றனர். குளிர்காலம் தொடங்கவிருந்த நேரத்தில் போர்வையும் உணவும் கருவிகளும் போயின. நூல்கள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. நமக்கோ இதுவே அந்த இனத்தின் இறுதிப் படுகொலையாகத் தோன்றுகிறது. இரத்தம் சிந்தவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. மூன்றாண்டுகளில் இஷி தனியராகி ஓரோவிலுக்கு இறங்கி வந்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகமே அவருக்கு வீடாயிற்று. அதை ஒட்டியிருந்த மருத்துவமனையில்தான் போப் பணிபுரிந்தார். 1912-இல் இருவரும் பழகத் தொடங்கினர். இஷி அவரைப் 'போப்பி' என்று அழைத்தார். அவர் வில் செய்வதையும் எய்வதையும் கண்ட மருத்துவர், சில மாதங்களில் மாணவராகவே ஆகிவிட்டார்.

இஷியின் வில்லை அவர்கள் மொழியில் 'மனீ' என்பர். மலைப்பகுதி ஜூனிபர் மரத்தின் கிளையே அதற்கு உகந்தது. அளவுகோல் அவர் உடம்பே: பக்கவாட்டில் நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்பு வரையிலான நீளம். போப் அளந்தபோது அது ஏறத்தாழ 42 அங்குலம் இருந்தது. மரத்தைச் செதுக்கி, கரகரப்பான கல்லால் தேய்த்து, நுனிகளைச் சூடான கல்லின்மேல் வைத்துச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி வளைப்பார். பிறகு மான் காலிலிருந்து எடுத்த தசைநார். அதை வாயிலிட்டு மென்று மென்று இழையிழையாகப் பிரித்து, சால்மன் மீனின் தோலைக் காய்ச்சிய பசை கொண்டு வில்லின் முதுகில் ஒட்டுவார். வில்லை இழுக்கும்போது முதுகுப்புற மரம் விரிகிறது. அங்கேதான் முறிவு தொடங்கும். காய்ந்து இறுகிய தசைநார் அந்த விரிவைத் தாங்கிக்கொள்வதோடு, விட்டவுடன் சுருங்கி வில்லுக்கு விசையும் கூட்டுகிறது. குட்டையான வில்லை நெடுந்தொலைவு இழுக்க முடிவது இதனால்தான். நாணும் தசைநாரே. இழுவை 40 முதல் 45 பவுண்டு வரை. இன்றைய கணக்கில் எளிய வில். ஆனால் அதைக் கொண்டுதான் ஒரு குடும்பம் நாற்பது ஆண்டுகள் உண்டது.

அம்புமுனை செய்வது தனிக் கலை. எரிமலைக் கண்ணாடிக் கல்லை உள்ளங்கைத் தோலில் வைத்து, மான்கொம்பின் கூர்முனையால் அழுத்தி அழுத்திச் சில்லுகளைப் பெயர்ப்பார். நகரத்துக்கு வந்த பிறகு கண்ணாடிப் புட்டிகளின் துண்டுகளையும் விரும்பி எடுத்துக்கொண்டார். அருங்காட்சியகத்துக்கு வந்த மக்கள் அதை வியந்து பார்த்தனர்.

வில்லைப் பற்றி அவருக்குச் சில கண்டிப்புகள் இருந்தன. பயன்படுத்தாதபோது அதைப் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் அது உழைத்துக்கொண்டே இருக்கும், களைத்துப் போகும். கிடக்கும் வில்லைக் குழந்தைகள் தாண்டலாகாது. பெண்கள் தொடலாகாது. போப் இவற்றைச் சிரிக்காமல் எழுதியிருக்கிறார் என்பதைக் குறிப்பிட வேண்டும். அக்காலத்து எழுத்தர்கள் பலரிடம் நாம் காணாத பண்பு அது. எனினும், அவரும் தம் காலத்தவர்தாம். இஷியைக் கற்கால மனிதராகவும் குழந்தை மனத்தினராகவும் காட்டும் வரிகள் அந்நூலில் உண்டு. நாற்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் கண்ணில் மண்ணைத் தூவியவர் குழந்தையா?

இலக்குப் பலகையைத் தொலைவிலிருந்து எய்வதில் இஷி சிறந்தவரல்லர். அதில் போப் விரைவிலேயே அவரை விஞ்சினார். ஆனால் காட்டில் எய்யப்படும் தொலைவு வேறு: பத்து முதல் ஐம்பது கஜம். அந்த எல்லைக்குள் அவர் கை தவறுவது அரிது. உண்மையில் அவரிடம் போப் கற்றது எய்வதையன்று, நெருங்குவதை. மான் வேட்டைக்கு முன் இஷி மீன் உண்ணமாட்டார், புகையிலையைத் தொடமாட்டார். விடியலில் எழுந்து நீராடி, மணமுள்ள இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். மனித வாடையை மறைக்க இவ்வளவு ஏற்பாடு! இரு விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவது போன்ற ஒலி எழுப்பினால் முயல்கள் தாமாக வெளிவரும். 1914-இல் குரோபர், வாட்டர்மன், போப், போப்பின் சிறுவயது மகன் ஆகியோர் இஷியுடன் டீர் கிரீக் பள்ளத்தாக்குக்குச் சென்று முகாமிட்டனர். இறந்தோர் வாழும் இடம் என்பதால் அவர் முதலில் தயங்கினார். அப்பயணத்தில் அவர் சொல்லச் சொல்ல இடப்பெயர்கள் வரைபடத்தில் ஏறின.

1915 கோடையில் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் வந்து அவருடன் பணியாற்றினார். யானாவில் ஆண்கள் பேசும் வடிவமும் பெண்கள் பேசும் வடிவமும் வேறு வேறு என்பதை விரித்தெழுதியவர் இவரே. அந்தக் கடும் உழைப்பு நோயை முற்றவைத்தது என்று கருதுவோர் உண்டு. 1916 மார்ச் 25 அன்று காசநோயால் இஷி மறைந்தார். போப்பே அவருக்கு மருத்துவர். ஓர் வில், ஐந்து அம்புகள், கருவாலிக்கொட்டை மாவு, கிளிஞ்சல் மணிகள், சிறிது புகையிலை ஆகியவை உடலோடு பெட்டியில் வைக்கப்பட்டு எரியூட்டப்பட்டன. ஆனால் அதற்கு முன்னர் உடற்கூறு ஆய்வு நடந்துவிட்டது. நியூயார்க்கிலிருந்த குரோபர், அறிவியலின் பெயரால் அவரை அறுக்க வேண்டாம் என்று சினத்தோடு எழுதிய மடல் காலங்கடந்தே வந்தது. இஷியின் மூளை தனியே எடுக்கப்பட்டு, 1917-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சென்றது. அதை அங்கே அனுப்பியவர் அதே குரோபர்தாம்! சினந்து எழுதிய கையும் அனுப்பிய கையும் ஒன்றே என்பதை நம்மால் இன்றும் பொருத்திப் பார்க்க இயலவில்லை.

போப் 1918-இல் 'யாஹி வில்வித்தை' என்னும் ஆய்வை வெளியிட்டார். ஆயினும் தம் வேட்டைக்கு அவர் தேர்ந்தது தசைநார் ஒட்டிய குட்டை வில்லையன்று. யூ மரத்தாலான, ஐந்தரை அடிக்கு மேற்பட்ட ஆங்கில நெடுவில்லை. நாண் சணல் நூல், அம்புமுனை எஃகு. வில் செய்ய அந்நூலைப் பார்த்த இளைஞர்கள் செய்ததும் அதுவே. அதாவது, இஷியிடமிருந்து பரவியது வில்லின் வடிவமன்று, வில்லோடு காட்டுக்குள் செல்ல முடியும் என்ற நம்பிக்கை. ராபின் ஹூட்டுக்குக் காணிக்கை வைத்ததன் காரணமும் இங்கே ஓரளவு புலப்படுகிறது. கொன்றழிக்கப்பட்ட மக்களின் கடைசி மனிதரை ஒரு பொழுதுபோக்கின் தலைவாயிலில் நிறுத்துவது எளிதன்று, கதைமாந்தன் வசதியானவன்.

போப்பின் தோழர் ஆர்தர் யங். இருவரும் 1920-இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் கலிஃபோர்னிய அறிவியல் கழகத்தின் காட்சிக்கூடத்துக்காகக் கிரிஸ்லி கரடிகளை அம்பெய்து கொன்றனர். 1925-இல் ஆப்பிரிக்கா சென்று சிங்கங்களை எய்தனர். வில்லின் ஆற்றலை மெய்ப்பிக்கவே இவை என்றனர். கலிஃபோர்னியாவின் சொந்தக் கிரிஸ்லி அந்த 1920-களிலேயே அற்றுப்போனது என்பதையும் சேர்த்து எண்ணும்போது, அந்த வீரக்கதைகளை நாம் ஒரு தயக்கத்தோடுதான் படிக்க முடிகிறது. 1926-இல் ஐம்பது வயதில் போப் மறைந்தார்.

யங் நடித்த அலாஸ்கா வேட்டைத் திரைப்படத்தை டெட்ராய்ட்டில் கண்டவர்களுள் ஒருவர் ஃபிரெட் பேர், மோட்டார்த் தொழிலில் இருந்த இளைஞர். பின்னர் யங்கையே சந்தித்து அவரிடம் வில் செய்யக் கற்றார். 1933-இல் தொழில் தொடங்கினார். ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களின் முதல் வில் அவர் தொழிற்சாலையில் பிறந்தது. விஸ்கான்சினில் சுற்றுச்சூழல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட் போன்றோர் தாமே வில் செய்து வேட்டையாடினர். வில்லுக்கென்று தனி மான்வேட்டைப் பருவம் 1934-இல் அங்கு சட்டமாயிற்று.

'மரபு வில்' என்ற சொல் இவர்கள் எவருக்கும் தெரியாது. 1969-இல் ஹோலஸ் ஆலன் என்பவர் கப்பிகள் பொருத்திய வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அது பரவிய பின்னரே, அதுவரை வெறும் வில்லாக இருந்தது 'மரபு வில்' ஆயிற்று. ஃபிரெட் பேரின் கண்ணாடியிழை வில்லும் மரபு, இஷியின் தசைநார் வில்லும் மரபு! சொல் சில வேளை இப்படித்தான் வேலியைக் கண்ட இடத்தில் நட்டுவிடுகிறது.

2000 ஆகஸ்டில் ஸ்மித்சோனியன் நிறுவனம் இஷியின் மூளையை ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் பழங்குடி மக்களிடம் ஒப்படைத்தது. கல்லறைத் தோட்டத்தில் 84 ஆண்டுகள் இருந்த சாம்பலும் அதனோடு சேர்ந்தது. அடக்கம் செய்த இடத்தை அவர்கள் வெளியில் சொல்லவில்லை. அவர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து செய்த வில்களும் அம்புமுனைகளும் பெர்க்லியில் உள்ளன.