முறை எது? முறைகேடு எது?

ஆண் பெண் இச்சையைப் பற்றி எழுதுவதென்றாலே நம்மவரில் அநேகர் முகஞ் சுளிப்பார்கள். ஆனால் லயத்திலே ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால், "முறைமாமன் யார்?" என்று ஊரே கூடிப் பேசுவதில் எவருக்கும் வெட்கமில்லை. ஆகவே எவரை விரும்பலாம், எவரை விரும்பலாகாது என்று மனிதர் வகுத்துக்கொண்ட எல்லையின் சரித்திரத்தைச் சற்று நோக்குவோம்.

இதற்குத் தூரதேசம் போக வேண்டியதில்லை. மலாக்காவில் அலோர் காஜா பக்கம் நானிங் என்றொரு நாடு. டோல் சயிட் என்னும் தலைவரின் கீழ் 1831-32இல் ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்துப் போர் செய்த நாடு அதுவே. சுமத்திராவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து வந்தோரின் 'அடாட் பெர்ப்பாத்தே' என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அதன்படி குலம் தாய்வழி, குலநிலம் பெண்மக்களுக்கு, கணவன்தான் மனைவி வீட்டுக்குக் குடிபோக வேண்டும். 'சூக்கு' எனப்படும் ஒரே குலத்தில் பிறந்தோர் மணக்கலாகாது. எனவே சிற்றன்னையின் மகள் உடன்பிறந்தவள் ஆகிறாள். மாமன் மகளோ வேறு சூக்கு, தடையில்லை. நம் வீட்டுக் கதைபோல் இருக்கிறதல்லவா? இத்தனைக்கும் அவர்கள் தழுவிய இஸ்லாம் சிற்றன்னை மகளை மணப்பதைத் தடுக்கவில்லை. தடுத்தது வழக்கமே.

ஆனால் அக்காள் மகளை மணப்பதென்றால், இஸ்லாம் அதை அறவே விலக்கிவிட்டது. நம்மவரில் பல சாதியார் அதையே உரிமை என்கின்றனர். பழைய சீன வழக்கிலோ ஒரே குடும்பப் பெயருடையோர் மணக்கலாகாது. இங்கே தோட்டம் ஆண்ட வெள்ளைக்காரர்கள் மாமன் மகள், சிற்றன்னை மகள் எல்லோரையும் 'கசின்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, மாமன் மருமகள் விவாகத்தை மட்டும் சட்டத்தால் தடுத்தவர்கள். ஒரு சிறு மலாக்காவுக்குள்ளேயே இத்தனை எல்லைகள்!

1871இல் மார்கன் என்னும் அமெரிக்கர் உலக மக்களின் உறவுப் பெயர்களைத் திரட்டி ஒரு பெருநூல் வெளியிட்டார். தம் நாட்டுச் செனெக்கா என்னும் செவ்விந்தியரும் நம் தமிழரும் தாயின் தங்கையைத் தாய் என்றும், தந்தையின் தம்பியைத் தந்தை என்றும் அழைப்பதைக் கண்டு அவர் வியந்தார். சொல் அப்படி அமைந்தால் இச்சையும் அதன் பின்னே செல்கிறது. நம் லயங்களில் அத்தை மகளைக் கேலி பேசினால் கிழவிகளும் சிரிப்பார்கள். பெரியம்மாள் மகளை அப்படிப் பேசியவனுக்கு உதைதான்.

இது இரத்தத்தின் இயற்கையா? கணக்குப் பார்ப்போம். ஒரே மூதாதையின் ஒரே மரபணு தாய்வழியும் தந்தைவழியும் வந்து பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு, அத்தை மகன் மாமன் மகள் விவாகத்தில் 16இல் 1. சிற்றன்னை மக்கள் மணந்தாலும் அதே 16இல் 1தான். மாமன் மருமகள் விவாகத்திலோ 8இல் 1. நாம் தங்கை என்று விலக்குபவளைவிட, பெண்டாட்டி என்று உரிமை கொண்டாடுபவள் இருமடங்கு நெருக்கம்!

1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரம் நட்டார். பிறகு பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் தத்தம் ஊரிலிருந்தே, தத்தம் உறவினரையே ஆள் சேர்த்தார்கள். ஊர் வந்தபோது முறையும் கப்பலேறி வந்தது. நெடுங்காலத்துக்கு முன் தனியே வந்து இவ்வூர்ப் பெண்களை மணந்த மலாக்காச் செட்டிகளோ தமிழ்ப் பேச்சையே இழந்தார்கள். சைவத்தை மட்டும் விடவில்லை.

1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த மலேசிய விவாகச் சட்டம், மாமன் மருமகள் விவாகத்தை முஸ்லிமல்லாதோருக்குப் பொதுவாக விலக்கிவிட்டு, இந்துக்களுக்கு மட்டும் அக்காள் மகள் விஷயத்தில் விதிவிலக்குத் தந்திருக்கிறது. இதைக் காட்டி, "சர்க்காரே நமக்கு உரிமை தந்திருக்கிறது" என்று மீசை முறுக்கும் மாமன்மாரை நாம் கண்டதுண்டு. சட்டம் தந்தது அனுமதி, உரிமையன்று. இருவரும் மனமொத்து இசைகிறார்கள் என்று பதிவதிகாரி திருப்தியடைந்தாலன்றி விவாகமில்லை என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. லயத்தில் அந்தப் பகுதியை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. பெண்ணுக்கு முன்னால் நிச்சயமாக இல்லை.