எந்த மொழியில் சொல்லப்பட்டது? தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சியின் சட்ட வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கடந்த ஆண்டு களப்பணிக்காகக் குஜராத்தின் ஒரு தொழிற்பேட்டையில் தங்கியிருந்தபோது, அங்குள்ள சாயப்பொருள் ஆலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்தோருக்கான பாதுகாப்புப் பயிற்சியில் பார்வையாளனாக அமர வாய்த்தது. பயிற்றுநர் இந்தியில் பேசினார். திரையில் ஓடிய படக்காட்சி ஆங்கிலத்தில் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைகள் குஜராத்தியில் இருந்தன. எதிரே அமர்ந்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். இறுதியில் ஒரு படிவம் சுற்றி வந்தது. பயிற்சி பெற்றேன், புரிந்துகொண்டேன் என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தின்கீழ் அனைவரும் கையொப்பமிட்டனர். எதில் கையெழுத்திட்டீர்கள் என்று அருகிலிருந்த இளைஞரிடம் கேட்டேன். 'ஹாஜிரி' என்றார். வருகைப் பதிவு.

அந்தப் படிவத்தின் மூதாதையரைத் தேடித்தான் பழைய சட்டங்களைப் புரட்டத் தொடங்கினேன். 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டத்தில் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் வேலிதான். சுழலும் எந்திரத்தைச் சுற்றித் தடுப்பு அமைக்க வேண்டும், அவ்வளவே. தொழிலாளி என்ன அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியே அதில் எழவில்லை. அக்கேள்வி எழுந்தபோது அது முதலில் அவருக்கு எதிராகவே எழுந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பாதுகாப்புக்கென வெளிப்படையாக இடப்பட்ட ஆணையையோ வகுக்கப்பட்ட விதியையோ தொழிலாளி வேண்டுமென்றே மீறியதால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பாகார் என்றது. (இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இவ்விலக்கு இன்று பொருந்தாது.) விதி சொல்லப்பட்டது என்பதற்குச் சான்று வைத்திருப்பது யாருக்குப் பயன்படும் என்பதை இதிலிருந்தே உய்த்துணரலாம்.

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 'பயிற்சி' என்ற கருத்து இடம்பெறுகிறது. ஆனால் மிகக் குறுகிய இடத்தில். ஓடும் எந்திரத்துக்கு எண்ணெய் இடுபவர் தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆணாக இருக்க வேண்டும் என்றது 22ஆம் பிரிவு. அவர் உடலை ஒட்டிய உடை அணிய வேண்டும் என்பதைக்கூடச் சட்டம் மறக்கவில்லை. ஆபத்தான எந்திரங்களில் வேலை செய்யும் இளையோருக்கு அபாயங்களை முழுமையாக உணர்த்த வேண்டும், அதோடு பயிற்சி தர வேண்டும் அல்லது தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் அவர்களை வைக்க வேண்டும் என்றது 23ஆம் பிரிவு. ஏனைய வயதுவந்தோர் தாமாகவே அறிந்துகொள்வர் என்று சட்டம் கருதியது போலும். மொழி பற்றிய குறிப்போ 108ஆம் பிரிவில், வாயிற்கதவருகே நின்றது: அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும். மொழியியல் மாணவன் என்ற முறையில் 'பெரும்பான்மையோர்', 'ஒரு மொழி' ஆகிய இரு சொற்களையும் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் இச்சட்டத்தின் போதாமை வெளிப்பட்டது. 610 எண்ணிட்ட தொட்டிக்குள் நீர் புகுந்து, ஏறத்தாழ 40 டன் மிதைல் ஐசோசயனேட் நகரின்மீது பரவியது. குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்ததும், எரிகோபுரம் பழுதுபார்ப்பில் இருந்ததும் பலரும் எழுதியவை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆலையின் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்ததையும், அவற்றைப் படிக்க இயலாத தொழிலாளர் பலர் இருந்ததையும் அன்றைய செய்தியாளர்கள் பதிவு செய்தனர். கண்ணெரிச்சலே கசிவை அறியும் கருவியாக இருந்தது. ஆலையைச் சுற்றியிருந்த குடிசைவாசிகளுக்கோ, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற எளிய வாக்கியம்கூட எந்த மொழியிலும் முன்னர்ச் சொல்லப்பட்டிருக்கவில்லை.

ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, தில்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஒலியம் வாயு கசிந்தது. இவ்வழக்கு 'முழுப் பொறுப்பு' என்னும் கோட்பாட்டுக்காகச் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. அதற்கு முந்தைய ஆணையை, அதாவது குளோரின் பிரிவை நிபந்தனைகளுடன் திறக்க அனுமதித்த 1986 பிப்ரவரி 17ஆம் தேதி ஆணையை, ஊன்றிப் படிப்போர் குறைவு. தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு அதில் வகுத்த நிபந்தனைகள் வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமானவை. குளோரின் மனித உடலை என்ன செய்யும், உடனே என்ன சிகிச்சை தர வேண்டும் என்பதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒவ்வொரு பிரிவிலும் வாயிலிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் வேலை செய்யும் கருவி குறித்தே பயிற்சி தர வேண்டும். காட்சி, ஒலி வழியாக விளக்க வேண்டும். 6 வாரங்களுக்கு ஒருமுறையேனும் ஒத்திகையோடு மறுபயிற்சி நடத்த வேண்டும். எழுத்தறிவில்லாத ஒருவரும் கேட்டு, பார்த்து, செய்து அறியலாம் என்ற புரிதல் இந்நிபந்தனைகளில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, பயிற்சியை ஆவணமாக அன்றி அறிவுப் பரிமாற்றமாக அணுகிய இந்தியச் சட்ட வாசகங்களுள் இதுவே சிறந்தது.

1987ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இரு கசிவுகளின் பின்னணியில் வந்தது. அது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. 7அ பிரிவு தகவலும் பயிற்சியும் அளிப்பதை ஆலை நடத்துவோரின் கடமையாக்கியது. 41எச் பிரிவு உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையைத் தந்தது. 111அ பிரிவு பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமை என்றே அறிவித்தது. எனினும் வாசகங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கடமைக்கு 'நடைமுறையில் நியாயமாக இயன்ற அளவு' என்ற அடை வந்துவிட்டது. ஆலைக்குள்ளேயே பயிற்சி பெறும் உரிமைக்கு 'இயன்றவிடத்து' என்ற அடை வந்துவிட்டது. 6 வாரக் கணக்கும் ஒத்திகையும் இப்பிரிவுகளில் இல்லை. மொழியும் இல்லை. அது 1948இல் நின்ற இடத்திலேயே, வாயிலருகே அறிவிப்புப் பலகையிலேயே நின்றுவிட்டது.

மொழியை எழுதாமல் விட்டது அன்று பெருங்குறையாகத் தோன்றாமல் இருந்திருக்கலாம். ஆலைத் தொழிலாளர் பெரும்பாலும் அப்பகுதியினரே என்ற எடுகோள் அப்போதே முழு உண்மையன்று. பம்பாயின் பஞ்சாலைகளும் கல்கத்தாவின் சணல் ஆலைகளும் அதற்குச் சான்று. இன்று ஒப்பந்தத் தொழிலாளராக மாநிலம் கடந்து வருவோர் ஒரே கூடத்தில் நான்கைந்து மொழிகளைப் பேசுகின்றனர். ஆபத்து மிகுந்த வேலைகள் பெரும்பாலும் அவர்களையே சேர்கின்றன. 'பெரும்பான்மையோர்க்குப் புரியும் மொழி' என்ற விதியைப் பிசகின்றிப் பின்பற்றும் ஓர் ஆலையிலும் அவர்களுக்கு எதுவும் சொல்லப்படாமல் போகலாம்.

மறுநாள் அந்த ஆலையின் பாதுகாப்பு அலுவலரிடம் அப்படிவத்தின் ஒடியா வடிவம் உண்டா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். என் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. தணிக்கைக்கு வருபவர்களுக்கு ஒடியா தெரியாதே என்றார்.