தனிமையும் பசியும்: அமெரிக்க முதியோர் உணவுத் திட்டத்தின் வரலாறு

அமெரிக்காவில் 60 வயது நிரம்பியோருக்கு அரசு நிதியுதவியுடன் சமைத்த உணவும் உடல்நலச் சேவைகளும் வழங்கப்படுகின்றன. முதியோர் ஊட்டச்சத்துத் திட்டம் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை, 1965ஆம் ஆண்டின் ‘முதிய அமெரிக்கர் சட்டம்’ ஆகும். வறுமையைப் போலவே தனிமையும் முதியோரின் பசிக்குக் காரணம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. ஆயினும் அந்தத் தனிமையைப் போக்குவதே நடைமுறையில் மிகக் கடினமான பணியாக இருந்துவருகிறது.

போர்க்காலத் தொடக்கம்

முதியோரின் வீடு தேடி உணவு கொண்டுசெல்லும் வழக்கம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் உருவானது. குண்டுவீச்சில் வீடிழந்தோருக்கு உணவளித்துவந்த மகளிர் தன்னார்வச் சேவை அமைப்பு, 1943இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் நடமாட இயலாத முதியோருக்கு உணவு கொண்டுசென்றது. பழைய குழந்தைத் தள்ளுவண்டிகளில் வைக்கோல் பரப்பி, சூடு ஆறாமல் உணவை எடுத்துச் சென்றனர். ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ என்ற பெயர் இவ்வகைச் சேவைக்கு நிலைத்தது.

1954இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் மார்கரெட் டாய் என்ற சமூகப் பணியாளர் இதே முறையைத் தொடங்கினார். உணவு கொண்டுசென்றவர்களில் பலர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அவர்களை ‘தட்டுத் தேவதைகள்’ என்று அழைத்தனர். பின்னர் பிற நகரங்களிலும் இது பரவியது. ஆனால் நன்கொடையும் தன்னார்வலரும் கிடைத்த ஊர்களில் மட்டுமே சேவை நடந்தது.

1972ஆம் ஆண்டுச் சட்டம்

1965 ஜூலையில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் முதிய அமெரிக்கர் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் தனி உணவுத் திட்டம் எதுவும் இல்லை. 1968 முதல் பல இடங்களில் சோதனை முறையில் முதியோருக்கு ஒரே இடத்தில் உணவு பரிமாறிப் பார்த்தனர். இந்த அனுபவத்தைக் கொண்டு செனட்டர் எட்வர்ட் கென்னடியும் புளோரிடா உறுப்பினர் கிளாட் பெப்பரும் நாடு தழுவிய திட்டத்துக்காக முயன்றனர். அப்போது பெப்பருக்கே வயது 71. 1972 மார்ச்சில் ரிச்சர்ட் நிக்சன் கையெழுத்திட்ட பின் அது சட்டமாயிற்று. முதல் ஆண்டுக்கு 10 கோடி டாலரும் அடுத்த ஆண்டுக்கு 15 கோடி டாலரும் செலவிட அனுமதி தரப்பட்டது.

முதியோர் சரியாக உண்ணாமைக்கு நான்கு காரணங்களை அச்சட்டம் கூறியது. உணவு வாங்கப் பணமின்மை, சத்தானதைத் தேர்ந்து சமைக்கத் தெரியாமை, கடைக்குச் செல்லவும் அடுப்படியில் நிற்கவும் உடலில் வலுவின்மை ஆகியவை முதல் மூன்று. ஒதுக்கப்பட்ட உணர்வும் தனிமையும் சமைத்து உண்ணும் விருப்பத்தையே அழித்துவிடுவது நான்காவது. ஒருவருக்காக மட்டும் உலை வைக்க மனம் வராத நிலை இது. பணம் கொடுத்தால் முதல் குறை தீரும், நான்காவது தீராது. ஆகவே பொது உணவுக்கூடங்களுக்கு முதன்மை தரப்பட்டது.

தேவாலயங்கள், பள்ளிகள், முதியோர் மையங்கள் ஆகியவற்றில் வாரத்துக்கு ஐந்து நாட்கள், நாளுக்கு ஒரு வேளையேனும் சூடான உணவு பரிமாற வேண்டும். ஒருவருக்கு அன்றாடம் பரிந்துரைக்கப்படும் சத்துகளில் மூன்றில் ஒரு பங்கு அதில் இருக்க வேண்டும். இயன்றவரை நடந்துசெல்லும் தொலைவில் கூடம் அமைய வேண்டும். 60 வயதானவரின் துணைவரும், வயது எதுவாயினும், உடன் உண்ணலாம். இத்திட்டத்தில் வருமானச் சோதனை இல்லை. விரும்பியவர் இயன்ற தொகையைத் தரலாம், தர இயலாதவருக்கும் உணவு உண்டு. இதனால் கூடத்துக்கு வருவது தர்மச் சோறு உண்பதாகக் கருதப்படாமல், ஊராருடன் பந்தியில் அமர்வதாக ஆயிற்று.

கூடமும் வாசலும்

பந்திக்கு வந்தவர்களுக்கு ஆண்டுதோறும் வயது ஏறியது. படியிறங்க முடியாமல் போனவர்களுக்குக் கூடத்தால் பயனில்லை. 1978 திருத்தம் வீட்டுக்கு உணவு அனுப்பத் தனி நிதிப்பிரிவை ஏற்படுத்தியது. பழங்குடி மக்களின் முதியோர் சேவைக்கும் அதே திருத்தத்தில் தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. இன்று கூடங்களில் பரிமாறப்படுவதைவிட வீடுகளுக்குச் செல்லும் உணவே அதிகம்.

வாசலில் உணவு தருபவர் சில நிமிடங்கள் பேசுகிறார், முதியவர் நலமா என்று பார்க்கிறார். கதவு திறக்கப்படாவிட்டால் அலுவலகத்துக்குத் தெரிவிக்கிறார். பலருக்கு அன்று வரும் ஒரே மனிதர் அவர்தான். எனினும் வண்டி அடுத்த வீட்டுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், கூடத்தில் ஒரு மணி நேரம் கிடைத்த துணை இங்கே கிடைப்பதில்லை.

உடல்நலச் சேவைகள்

1987க்குப் பின் நோய்த்தடுப்புச் சேவைகளும் சட்டத்தில் இடம்பெற்றன. உணவுக்கூடங்களே உடற்பயிற்சி வகுப்புக்கும் ஊட்டச்சத்துக் கல்விக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் இடமாயின. கீழே விழாமல் இருக்கப் பயிற்சி, நாட்பட்ட நோயைத் தாமே கவனித்துக்கொள்ளும் பயிற்சி போன்றவை பரவின. 2012 முதல், பயன் ஆய்வில் உறுதியான பயிற்சிகளுக்கே நோய்த்தடுப்பு நிதி தரப்படுகிறது.

பெருந்தொற்றும் பின்னும்

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது உணவுக்கூடங்கள் மூடப்பட்டன. முதியோரின் உயிரைக் காக்க அவர்களைத் தனிமைப்படுத்த வேண்டிய நிலை வந்தது. அம்மாதம் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் வழியே 24 கோடி டாலரும் 48 கோடி டாலரும் உணவுச் சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டன. கூடங்களுக்கு வந்தவர்கள் வாகனத்தில் அமர்ந்தபடியே பொட்டலம் பெற்றனர், அல்லது வீட்டிலேயே பெற்றனர். உணவு நின்றுவிடவில்லை, பந்திதான் நின்றது.

இத்திட்டம் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் கட்டாயம் கிடைக்கும் உரிமையன்று. ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகைக்குள் நடப்பதால் பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் உள்ளது. நிதி குறையும்போது வீட்டில் முடங்கியவருக்கு உணவு அனுப்புவதா, கூடத்தைத் திறந்து வைப்பதா என்ற தேர்வை உள்ளூர் அமைப்புகள் எதிர்கொள்கின்றன. 1972 சட்டம் கூறிய நான்காவது காரணத்துக்கு உணவுப் பொட்டலம் மட்டும் தீர்வாகாது என்பதால்தான் அந்தத் தேர்வு எளிதாக இல்லை.